நோன்பும் பட்டினியும்: உண்ணாமை மருந்தான வரலாறு

உண்ணாதிருத்தல் நம்மவர்க்குப் புதியதன்று. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் காப்போரும், ஏகாதசியன்று ஊண் ஒழிப்போரும், தவக்காலத்திலே ஒருபோது உண்ணும் கிறித்தவரும், றமழான் மாதத்திலே பகலுணவு நீக்கும் இசுலாமியரும் எம்மிடையே என்றும் உளர். இவ்விரதங்கள் உடல் மெலிவதற்காக ஏற்பட்டவை அல்ல. உள்ளம் அடங்குதலே அவற்றின் நோக்கம். ஆயினும் உண்ணாமைக்கும் உடல்நலத்துக்கும் தொடர்புண்டு என்னும் எண்ணமும் நம் மரபிலே பழையதே. 'இலங்கணம் பரம ஔடதம்' என்பது நாட்டு வழக்கு. திருக்குறளின் மருந்து அதிகாரமும் உணவையே மருந்துக்கு முதலாக வைத்துப் பேசுகின்றது. ஆனால் அங்கு வற்புறுத்தப்படுவது செரித்தபின் அளவறிந்து உண்ணும் ஒழுங்கேயாம். உண்ணாமையை அது மருந்தாக விதிக்கவில்லை.

தமிழிலே இப்பொருள் குறித்து இரு சொற்கள் வேறுபட வழங்குகின்றன. ஒன்று நோன்பு, மற்றொன்று பட்டினி. இரண்டிலும் வயிறு வெறிதாகவே இருக்கின்றது. ஆயின் நோன்பு இருப்பவன் அதனைத் தானே மேற்கொள்கின்றான். அது முடியும் நாளையும் அறிவான். பட்டினி கிடப்பவனுக்கோ தொடக்கமும் முடிவும் அவன் கையில் இல்லை. இவ்வேறுபாடு சமய நெறிக்கும் சமூக நிலைக்கும் மட்டும் உரியதெனக் கருதிவிடலாகாது. அது உடற்றொழிலுக்கும் உரியதோர் உண்மை என்பதை மேனாட்டு மருத்துவம் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலத்திலே, பல உயிர்களை விலையாகக் கொடுத்து அறிந்துகொண்டது.

அண்மைக் காலத்திலே 'இடைவிட்ட உண்ணாநோன்பு' என்னும் உணவுமுறை உலகெங்கும் பரவியுள்ளது. நாளொன்றில் எட்டு மணி நேரத்துள் உண்டு பதினாறு மணி நேரம் உண்ணாதிருத்தல், கிழமையில் ஐந்து நாள் வழமைபோல் உண்டு இரண்டு நாள் மிகக் குறைத்து உண்ணுதல், ஒரு நாள் உண்டு மறுநாள் ஒறுத்தல் என அது பல வகைப்படும். பழைய ஞானம் எனவும் புதிய விஞ்ஞானம் எனவும் அது ஒருங்கே போற்றப்படுகின்றது. இக்கூற்றுக்கள் எவ்வளவிற்கு உண்மையானவை என்பதை அறிய, உண்ணாமை மருத்துவத்தினுள் புகுந்த வரலாற்றை நோக்குதல் வேண்டும். அதுவே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காட்சிக் கூடமும் மருந்துச் சாலையும்

1880ஆம் ஆண்டு யூன் மாதம் 28ஆம் திகதி, நியூயோர்க் நகரின் கிளாறென்டன் மண்டபத்திலே ஹென்றி ரானர் என்னும் வைத்தியர் நாற்பது நாள் உண்ணாதிருக்கத் தொடங்கினார். தாம் முன்னரும் இவ்வாறு நெடுநாள் உண்ணாதிருந்ததாக அவர் கூறியதை மருத்துவர் பலர் நம்பவில்லை. பத்து நாட்களுக்கு மேல் உணவின்றி மனிதன் உயிர்வாழ்தல் அரிது என்னும் கருத்து அந்நாளிலே பரவலாக இருந்தது. ஆகவே இரவும் பகலும் காவலிருப்போர் முன்னிலையில், கட்டணம் செலுத்திப் பார்க்க வந்தோர் முன்னிலையில், ரானர் தம் கூற்றை நிறுவ முற்பட்டார். ஓகஸ்ற் 7ஆம் திகதி நோன்பு நிறைவுற்றபோது அவருடைய நிறை ஏறக்குறைய 36 இறாத்தல் குறைந்திருந்தது. பத்திரிகைகள் நாள்தோறும் அவர் உடல்நிலையை வெளியிட்டமையால் அவர் பெயர் நாடெங்கும் பரவியது.

ரானரைப் பின்பற்றி உண்ணாமையையே தொழிலாகக் கொண்டோர் ஐரோப்பாவிலும் தோன்றினர். அவருள் இத்தாலியரான ஜியோவன்னி சுச்சி தலைசிறந்தவர். ஊர் ஊராகச் சென்று பொதுமக்கள் முன்னிலையில் முப்பதும் நாற்பதும் நாட்கள் உண்ணாதிருந்து பொருளீட்டியவர் அவர். எனினும் அவரைக் காட்சிப் பொருளாக மட்டும் காணாத ஒருவரும் இருந்தார். புளோரன்ஸ் நகரின் உடற்றொழிலியற் பேராசிரியர் லூயிஜி லூச்சியானி 1888இல் சுச்சியின் முப்பது நாள் நோன்பை நாள்தோறும் அளந்து, மறுஆண்டு நூலாக வெளியிட்டார். மேடையில் நின்ற உண்ணாமை ஆய்வுகூடத்தின் வாயிலுக்கு வந்தது இவ்வாறுதான்.

இதே காலத்தில் வேறொரு போக்கும் வளர்ந்தது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த எட்வேட் ஹுக்கர் டூயி என்னும் வைத்தியர், நோயாளி பசியின்றிக் கிடக்கும்போது அவனை வற்புறுத்தி ஊட்டுவது தவறெனக் கண்டார். அந்நாளைய வழக்கத்துக்கு மாறான இக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் அவர் அதனோடு அமையவில்லை. காலையுணவை அறவே நீக்குதலும் நெடுநாள் உண்ணாதிருத்தலும் நோய்கள் பலவற்றுக்கும் மருந்தாகும் என 1900இல் வெளிவந்த தம் நூலில் வாதித்தார். இன்று காலையுணவைத் தவிர்ப்போர் புதுமை செய்வதாக எண்ணுகின்றனர். அவர்தம் நெறிக்கு நூற்றாண்டு கடந்த முன்னோடி டூயி எனலாம். 1911இல் புகழ்பெற்ற நாவலாசிரியர் அப்ரன் சிங்கிளயர் தாம் உண்ணாதிருந்து நலம் பெற்றதாக எழுதி ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய பெயரின் செல்வாக்கால் இக்கொள்கை மேலும் பரவியது.

ஒருவருக்கு உதவியது எல்லார்க்கும் உதவும் என்னும் நம்பிக்கை எங்கு கொண்டுபோய் விடும் என்பதை வாஷிங்ரன் மாநிலத்தின் ஒலாலா என்னும் சிற்றூர் காட்டியது. அங்கு லிண்டா ஹஸாட் என்பவர் உண்ணாமை மருத்துவ நிலையம் ஒன்றை நடத்தி வந்தார். 1911இல் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த பிரித்தானியச் சகோதரியர் இருவர் அவரிடம் சிகிச்சைக்குச் சென்றனர். பெருநோய் ஏதும் அவர்களுக்கு இருக்கவில்லை. சில மாதங்களுள் இளையவரான கிளயர் வில்லியம்சன் உணவின்றி மெலிந்து இறந்தார்; மூத்தவர் எலும்புந் தோலுமாக மீட்கப்பட்டார். 1912இல் நீதிமன்றம் ஹஸாட்டைக் கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்தமைக்காகக் குற்றவாளியாகக் கண்டு சிறையிலிட்டது. விடுதலையான பின்னரும் அவர் தம் கொள்கையைக் கைவிடவில்லை. 1938இல் தம்மீதே அச்சிகிச்சையைச் செய்துகொண்டிருந்த வேளையில் அவரும் இறந்தார். தாமும் நம்பிய ஒன்றையே அவர் பிறர்க்கும் விதித்தார் என்பது உண்மை. அவ்வுண்மை கிளயர் வில்லியம்சனை மீட்டுத் தரவில்லை. மருத்துவத்தில் நம்பிக்கையின் நேர்மை, அளவீட்டுக்கு ஈடாகாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

அளந்தறிந்த நோன்பு

ஹஸாட் தண்டனை பெற்ற அதே 1912ஆம் ஆண்டிலே, பொஸ்ரன் நகரிலிருந்த கார்னெகி நிறுவனத்தின் போசணை ஆய்வுகூடத்தில் ஒரு பெரும் பரிசோதனை நிகழ்ந்தது. அதன் பணிப்பாளர் பிரான்சிஸ் பெனடிக்ற். பரிசோதனைக்கு உட்பட்டவர் மால்ற்றாத் தீவினரும் உண்ணாமை மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டவருமான அகஸ்ரினோ லெவன்சின். ஏப்பிரில் நடுப்பகுதி தொடங்கி 31 நாட்கள் அவர் காய்ச்சி வடித்த நீரன்றி வேறெதுவும் உட்கொள்ளவில்லை. இரவுதோறும் அவர் உறங்கியது உடல் வெளிவிடும் வெப்பத்தை அளக்கும் அறையிலே. அவருடைய மூச்சுக் காற்று, சிறுநீர், நாடித்துடிப்பு, உடல் வெப்பநிலை யாவும் நாள்தோறும் அளக்கப்பட்டன. 60 கிலோகிராமுக்குச் சற்று மேலிருந்த நிறை நோன்பின் முடிவில் 47 கிலோகிராம் அளவுக்கு இறங்கியது.

1915இல் பெனடிக்ற் வெளியிட்ட அறிக்கை இத்துறையிலே ஒரு மைல்கல். உண்ணாத உடல் தன்னிடமுள்ள சேமிப்பை ஓர் ஒழுங்கின்படி செலவிடுகின்றது என்பது அதனால் தெளிவாயிற்று. முதலிற் செலவாவது ஈரலிலும் தசையிலும் உள்ள கிளைக்கோசன் என்னும் காபோவைதரேற்றுச் சேமிப்பு. அது சில நாட்களிற் பெரும்பாலும் தீர்ந்துவிடக் கொழுப்பே முதன்மையான எரிபொருளாகின்றது. ஆயின் கொழுப்போடு தசையின் புரதமும் ஓரளவு கரைகின்றது. சிறுநீரில் வெளியேறும் நைதரசன் அதற்குச் சான்று. அந்நைதரசன் முதல் நாட்களில் மிகுந்து, பின்னர் படிப்படியாகக் குறைந்தது. உடல் தன் அனுசேப வேகத்தையும் தாழ்த்திக்கொண்டது. வருமானம் நின்றுவிட்ட குடும்பம் செலவைச் சுருக்கிக்கொள்வது போன்ற செயல் இது. உடல் இழக்கும் ஒவ்வொரு கிலோகிராமும் கொழுப்பே என எண்ணுதல் பிழை என்பதும், உண்ணாமை நீள நீள நிறையிழப்பு மந்தமாகும் என்பதும் அன்றே அறியப்பட்டுவிட்டன. இன்றைய உணவுநெறி நூல்கள் பலவும் இவ்விரண்டையும் சொல்லாது விடுகின்றன.

நீரிழிவும் பட்டினியும்

உண்ணாமை மருத்துவ வரலாற்றில் மிகத் துயரமானதும் மிகக் கருத்துக்குரியதுமான இயல் நீரிழிவு பற்றியதாகும். 1870–71இல் பிரசியப் படைகள் பரிசு நகரை முற்றுகையிட்டபோது அங்கு உணவு அருகியது. அப்பொழுது அப்பொலினயர் பூஷார்டா என்னும் மருத்துவர், தம் நீரிழிவு நோயாளர் சிலரின் சிறுநீரிலே வெல்லம் குறைந்து மறைந்ததைக் கண்டார். நாட்டுக்கு வந்த பஞ்சம் அந்நோயாளர்க்கு மருந்தாயிற்று. குறைத்து உண்ணுதலே இந்நோய்க்கு முதன்மையான சிகிச்சை என அவர் வற்புறுத்தினார்.

இக்கருத்தைக் கடுமையான விதிமுறையாக வகுத்தவர் நியூயோர்க் றொக்பெல்லர் நிறுவன வைத்தியசாலையிற் பணியாற்றிய பிரெடெரிக் அலன். 1914 முதல் அவர் கையாண்ட முறை பின்வருமாறு: சிறுநீரில் வெல்லம் முற்றாக மறையும் வரை நோயாளி உண்ணாதிருத்தல் வேண்டும். பின்னர் உணவு சிறிது சிறிதாகக் கூட்டப்படும். வெல்லம் மீண்டும் தோன்றும் அளவே அந்நோயாளியின் எல்லை. அவ்வெல்லைக்குள்ளேயே அவர் ஆயுள் முழுவதும் உண்ணுதல் வேண்டும். காய்கறியில் எஞ்சிய காபோவைதரேற்றையும் நீக்குவதற்காக அதனை மூன்று முறை நீர் மாற்றி அவித்துக் கொடுத்தனர். பொஸ்ரன் நகரின் எலியட் ஜொஸ்லின் போன்ற புகழ்பெற்ற மருத்துவரும் இம்முறையைத் தழுவினர்.

பருத்த உடலுடைய முதியோர்க்கு இம்முறை நன்மை செய்தது. இளஞ்சிறார்க்கோ இது வேறுவகையாக முடிந்தது. அவர்களுடைய சதையி இன்சுலினைச் சுரக்கும் ஆற்றலையே இழந்துகொண்டிருந்தது. உணவு உண்டால் நோய் கொல்லும். உண்ணாவிடிற் பட்டினி கொல்லும். அலனிடம் சிகிச்சை பெற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் நோயினாற் கண்பார்வை இழந்தவன். அவனுக்கு அளந்தே உணவு கொடுக்கப்பட்டபோதும் சிறுநீரில் வெல்லம் தோன்றியது. காரணத்தை ஆராய்ந்தபோது, தன் அறையிலிருந்த கூண்டுப் பறவையின் தானியத்தையும் பற்பசையையும் அவன் உண்டமை தெரியவந்தது. வைத்தியசாலையின் சுவர்களுக்குள்ளே, அறிவும் அக்கறையும் மிக்கோர் கண்காணிப்பிலே, நோன்பு பட்டினியாக மாறிய இடம் இது.

அலனைக் கொடியவர் எனக் கூறுதல் நீதியாகாது. அவர் கையில் வேறு மருந்து இருக்கவில்லை. இம்முறை நோயைத் தீர்க்காது, காலத்தை நீட்டிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். நீட்டித்த அக்காலம் சிலரைக் காப்பாற்றவும் செய்தது. அமெரிக்க அரசியலாளர் சார்ள்ஸ் எவன்ஸ் ஹியூஸ் என்பாரின் மகள் எலிசபெத் 1919இல் அலனின் சிகிச்சைக்கு உட்பட்டார். மூன்றாண்டுக் காலம் அரைவயிற்றுக்கும் குறைவாக உண்டு உயிர்தாங்கிய அச்சிறுமி, பதினைந்து வயதை அணுகியபோது ஏறக்குறைய 45 இறாத்தல் நிறையே இருந்தார். இதற்கிடையில் ரொறன்ரோவில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் அவர்தம் உடனாய்வாளரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரி 11இல் லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் எலிசபெத்தும் பான்ரிங்கிடம் சென்றார். வயிறார உண்டார், வளர்ந்தார், மணஞ்செய்து மக்களைப் பெற்றார். அவர் இறந்தது 1981இல், எழுபத்து மூன்று வயதிலே.

நீரிழிவு ஒரே நோயன்று என்பது இவ்வனுபவங்களிலிருந்து படிப்படியாக விளங்கிற்று. 1936இல் இலண்டனைச் சேர்ந்த ஹரல்ட் ஹிம்ஸ்வேத் இன்சுலினுக்கு இணங்குவது, இணங்காதது என அதனை இருவகைப்படுத்தினார். இன்சுலின் சுரக்காமையால் வருவது ஒன்று. சுரந்தும் உடல் அதனை ஏற்காமையால் வருவது மற்றொன்று. பூஷார்டா கண்ட நன்மை பெரும்பாலும் இரண்டாம் வகையினர்க்கே உரியது. இதனைப் பிற்கால ஆய்வும் உறுதிசெய்தது. ஸ்கொத்லாந்திலும் வட இங்கிலாந்திலும் 306 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஆய்வொன்றில், கடுமையாகக் குறைத்த உணவினால் நிறை இழந்தோர் குழுவில் 46 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் மருந்தின்றியே நோய் தணிந்திருந்தனர். பரிசு முற்றுகையின் பாடம் பொய்க்கவில்லை. ஆயின் அது யாருக்குரிய பாடம் என்பதை அறிய மருத்துவம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

உடற்பருமனும் நெடுநாள் நோன்பும்

நிறை குறைக்கும் பொருட்டு உண்ணாமையை மருத்துவர் பரிந்துரைத்தமையும் புதிய செய்தியன்று. பெனடிக்ற்றின் அறிக்கை வெளிவந்த அதே 1915இல், ஒற்றோ போலினும் டெனிஸும் பருத்த உடலினர்க்குக் குறுகிய கால உண்ணாமை தீங்கற்ற சிகிச்சை என எழுதினர். நாள் நீண்டால் குருதியில் அமிலம் மிகும் என்பதால், இடையிடையே விட்டு விட்டு மேற்கொள்ளுமாறு கூறினர். இடைவிட்ட உண்ணாநோன்பின் முதல் மருத்துவ வடிவம் இதுவெனலாம்.

இரண்டாம் உலகப்போரின் இறுதியிலே நிகழ்ந்த ஓர் ஆய்வு இவ்வரலாற்றின் மறுபக்கத்தைக் காட்டியது. போரினால் பட்டினியுற்ற மக்களுக்கு மீண்டும் உணவூட்டுவது எவ்வாறு என்பதை அறிய, மினசோற்றாப் பல்கலைக்கழகத்தின் அன்சல் கீஸ் 1944 நவம்பரில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். படைச்சேவையை மனச்சான்றின் பொருட்டு மறுத்த 36 இளைஞர் அதற்குத் தாமே முன்வந்தனர். அவர்கள் முற்றாக உணவை நீக்கவில்லை. 24 கிழமைகள் நாளுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவே பெற்றனர். நிறையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு குறைந்தது. உடல் மெலிவிலும் உள்ளத்தின் மாற்றமே ஆய்வாளரைத் திகைக்க வைத்தது. அவர்கள் உணவைப் பற்றியே பேசினர். சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர். எரிச்சலும் சோர்வும் மிகுந்தனர். பரிசோதனை முடிந்த பின்னரும் பலருக்குப் பசி அடங்க மாதங்கள் சென்றன. இன்று நிறை குறைக்க முயல்வோர் பலர் தமக்கு மனவுறுதி இல்லையெனத் தம்மையே நோகின்றனர். அது ஒழுக்கக் குறைவன்று, பட்டினியுற்ற உடலின் இயல்பான குரல் என்பதற்கு 1950இல் வெளிவந்த கீஸின் இரு தொகுதி நூல் சான்றாக நிற்கின்றது.

1950களின் முடிவில் உடற்பருமனுக்கு உண்ணாமை மீண்டும் மருந்தாயிற்று. அத்லாந்தாவில் வோல்ற்றர் புளூம் 1959இலும், பிலடெல்பியாவில் கார்பீல்ட் டங்கன் 1962இலும் வைத்தியசாலையில் வைத்து நோயாளரை உண்ணாதிருக்கச் செய்த அனுபவங்களை வெளியிட்டனர். டங்கன் கையாண்டது விட்டு விட்டு முற்றாக உண்ணாதிருக்கும் முறையாகும். இரண்டு மூன்று நாட்களின் பின் பசி தணிந்துவிடுவதும் நிறை விரைந்து குறைவதும் மருத்துவரையும் நோயாளரையும் ஒருங்கே கவர்ந்தன.

பசி ஏன் தணிகின்றது, உடல் எவ்வாறு தாங்குகின்றது என்னும் வினாக்களுக்கு பொஸ்ரன் நகரின் ஜோர்ஜ் கேஹிலும் அவர் உடனாய்வாளரும் விடை தேடினர். மூளை குளுக்கோசை மட்டுமே எரிபொருளாகக் கொள்ளும் என அதுவரை நம்பப்பட்டது. ஐந்தாறு கிழமைகள் உண்ணாதிருந்த பருத்த உடலினர் மூவரை ஆராய்ந்து, அவர்தம் மூளை கொழுப்பிலிருந்து உண்டாகும் கீற்றோன் பொருட்களையே பெரும்பாலும் எரிக்கின்றது என 1967இல் அவர்கள் நிறுவினர். மூளைக்கு வேண்டிய குளுக்கோசைத் தசைப்புரதத்திலிருந்து ஆக்கவேண்டிய தேவை அதனாற் குறைகின்றது. பெனடிக்ற் 1912இல் கண்ட நைதரசன் வீழ்ச்சிக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் கிடைத்த விளக்கம் இது.

இக்காலத்து நோன்புகளுள் மிக நீண்டது ஸ்கொத்லாந்தின் டண்டீ நகர மருத்துவர் கண்காணிப்பில் நிகழ்ந்தது. அங்கஸ் பார்பியரி என்னும் 27 வயது இளைஞர் 1965 முதல் 1966 வரை 382 நாட்கள் திண்ணிய உணவின்றி இருந்தார். விற்றமின்கள், மதுவம், உப்புக்கள், கலோரியற்ற பானங்கள் என்பனவே அவருக்குக் கொடுக்கப்பட்டன. 456 இறாத்தல் நிறை 180 இறாத்தலாகக் குறைந்தது. ஐந்தாண்டுகளின் பின் அவர் 196 இறாத்தலே இருந்தார் என 1973இல் வெளியான அறிக்கை கூறுகின்றது. இன்றும் உண்ணாமையைப் போற்றுவோர் எடுத்துக்காட்டுவது இவ்வொருவரையே.

அவர்கள் எடுத்துக்காட்டாத செய்திகளும் அதே ஆண்டுகளில் மருத்துவ ஏடுகளில் வெளியாயின. 1965க்கும் 1969க்கும் இடையில் உண்ணாமைச் சிகிச்சையின்போது நோயாளர் இறந்தமை பற்றிய அறிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1969இல் விவரிக்கப்பட்டவள் இருபது வயதுப் பெண். முப்பது கிழமைகள் உண்ணாதிருந்து, மீண்டும் உணவு தொடங்கிய பின்னரே அவள் இறந்தாள். அவளுடைய இதயத்தசை நார்கள் சிதைந்திருந்தன. உடல் கொழுப்பை மட்டும் தேர்ந்து கரைப்பதில்லை என்னும் பழைய உண்மை இங்கு கொடிய வடிவில் வெளிப்பட்டது.

உணவு மீளும் வேளையும் இடர்மிக்கது. நெடும்பட்டினியின் பின் திடீரென உணவு புகும்போது இன்சுலின் சுரந்து, குருதியிலுள்ள பொசுபேற்றையும் பொற்றாசியத்தையும் கலங்களுக்குள் ஈர்த்துவிடுகின்றது. அதனால் இதயமும் சுவாசமும் தளரக்கூடும். போரின் முடிவில் விடுவிக்கப்பட்ட கைதிகள் சிலர் உணவு கண்ட பின்னர் இறந்தமைக்குக் காரணம் இதுவே. விரதம் முடிக்கும்போது எளிய உணவைச் சிறிதளவு உண்ணும் நம் பாரணை வழக்கம் இவ்விளக்கத்தை அறிந்து ஏற்பட்டதாகாது. எனினும் அனுபவத்தின் எச்சரிக்கை அதிலே பொதிந்துள்ளது.

இவ்வாறு 1970களிலே நெடுநாள் உண்ணாமை பெரும்பாலான வைத்தியசாலைகளிலிருந்து மெல்ல மறைந்தது.

எலியிலிருந்து மனிதனுக்கு

இன்றைய எழுச்சிக்கு வித்திட்டது மற்றோர் ஆய்வு மரபு. கோர்ணெல் பல்கலைக்கழகத்தின் கிளைவ் மக்கே 1935இல், குறைந்த கலோரி உணவில் வளர்ந்த எலிகள் நீண்டகாலம் வாழ்வதைக் காட்டினார். 1946இல் சிக்காகோவின் அன்ரன் கார்ல்சனும் ஹொல்சலும் எலிகளை இரண்டு, மூன்று, நான்கு நாட்களுக்கு ஒரு நாள் உண்ணாதிருக்கச் செய்தனர். மூன்று நாளுக்கு ஒரு நாள் உண்ணாத ஆண் எலிகளின் ஆயுள் ஏறக்குறைய 20 விழுக்காடும், பெண் எலிகளின் ஆயுள் 15 விழுக்காடும் கூடின. 2012இல் சோல்க் ஆய்வு நிறுவனத்தின் சச்சிதானந்த பாண்டா குழுவினர், உணவின் அளவைக் குறைக்காது உண்ணும் நேரத்தை மட்டும் எட்டு மணிக்குள் சுருக்கியபோது, கொழுப்புணவு உண்ட சுண்டெலிகள் பருக்கவில்லை எனக் கண்டனர். 2016இல் யப்பானிய அறிஞர் யொஷினோரி ஒசுமி நோபல் பரிசு பெற்றார். பட்டினியுறும் மதுவக் கலங்கள் தம்முள்ளிருக்கும் பழுதுற்ற பொருட்களைத் தாமே சிதைத்துப் பயன்படுத்தும் செயல்முறையை ஆராய்ந்தவர் அவர். இவையாவும் நேரிய விஞ்ஞானம். ஆயின் மதுவத்திலிருந்தும் சுண்டெலியிலிருந்தும் மனிதனுக்கு வருவதற்கு இடையே ஒரு நீண்ட வழி உண்டு. 2012இல் பிரித்தானியத் தொலைக்காட்சியிலும் மறுஆண்டு நூல் வடிவிலும் 'ஐந்துக்கு இரண்டு' முறையை மைக்கல் மொஸ்லி பரப்பியபோது, மக்கள் அவ்வழியை ஒரே அடியில் கடந்தனர்.

மனிதரை வைத்து நிகழ்ந்த ஆய்வுகளின் முடிவு அடக்கமானது. மன்செஸ்ரரில் 107 பெண்களைக் கொண்டு நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஆய்வில், கிழமைக்கு இருநாள் உணவைக் குறைத்தோரும் நாள்தோறும் குறைத்தோரும் ஏறக்குறைய ஒரே அளவு நிறை இழந்தனர். சிக்காகோவில் நூறு பேரைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான ஓராண்டு ஆய்வும் அவ்வாறே. ஒன்றுவிட்ட நாள் ஒறுத்தோருள் 38 விழுக்காட்டினர் இடையிலே விலகியமையும் அதில் தெரிந்தது. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்விலே 116 பேர் பங்குபற்றினர். நண்பகல் முதல் இரவு எட்டு மணிவரை மட்டும் உண்டோர் பன்னிரண்டு கிழமைகளில் இழந்தது 0.94 கிலோகிராம், மூன்று வேளையும் உண்டோர் இழந்தது 0.68 கிலோகிராம். இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. 2022இல் சீனாவின் குவாங்சௌ நகரில் 139 பேரைக் கொண்ட ஆய்வு, இரு குழுவினர்க்கும் கலோரியைச் சமமாகக் குறைத்து, ஒரு குழுவினர்க்கு மட்டும் நேரத்தையும் வரையறுத்தது. ஓராண்டில் அவர்கள் 8.0 கிலோகிராமும் ஏனையோர் 6.3 கிலோகிராமும் இழந்தனர். புள்ளிவிவர நோக்கில் அதுவும் உறுதியான வேறுபாடாகக் கொள்ளப்படவில்லை.

இம்முடிவுகள் இடைவிட்ட நோன்பைப் பொய்யாக்கிவிடவில்லை. குறைத்து உண்பதற்கு அதுவும் ஒரு வழி. நாள்தோறும் அளந்துண்ண இயலாதார்க்கு, கடிகாரத்தைப் பார்த்து உண்ணுதல் எளிதாக அமையலாம். ஆயின் உணவைக் குறைப்பதற்கு அப்பாற்பட்ட தனி ஆற்றல் ஒன்று அதற்குண்டு என்னும் கூற்றுக்கு, நிறையிழப்பைப் பொறுத்தவரை, மேற்கண்ட ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

முடிவுரை

ரானரின் மேடையிலிருந்து குவாங்சௌ ஆய்வு வரை நோக்கும்போது ஒரு போக்குத் தெளிவாகின்றது. நோய்கள் யாவற்றையும் தீர்க்கும் மருந்து என எழுந்த உரிமைக்கோரல், அளவீட்டின் முன் ஒவ்வொரு தலைமுறையிலும் சுருங்கி வந்துள்ளது. இறுதியில் எஞ்சுவது அளவோடு உண்ணுதற்கு உதவும் ஓர் ஒழுங்கு. அது சிறிய பயனன்று. ஆயின் அதனைப் பெரிதாக்கிக் கூறியபோதெல்லாம் அதன் விலையைக் கொடுத்தோர், கூறியோரிலும் பார்க்கக் கேட்டோரே.

ஆகவே உண்ணாமையை மருந்தாகக் கொள்ள விரும்புவோர் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்: யார் உண்ணாதிருப்பது? எவ்வளவு காலம்? எவருடைய கண்காணிப்பில்? நலமுற்ற வளர்ந்தவர் ஒருவர் இரவுணவை முன்கூட்டி முடித்துக் காலையுணவைப் பிற்படுத்துவதால் பெருந்தீங்கு விளைவதில்லை. வளரும் பிள்ளைகள், கருவுற்ற தாய்மார், ஏற்கெனவே மெலிந்தோர், உணவை அஞ்சும் உளநோய்க்கு ஆட்பட்டோர் ஆகியோர்க்கு அவ்வாறன்று. இன்சுலினோ குருதியில் வெல்லத்தைத் தாழ்த்தும் மாத்திரையோ கொள்ளும் நீரிழிவாளர், அளவை மாற்றாது உணவை மட்டும் நீக்கினால் வெல்லம் மிகத் தாழ்ந்து உணர்விழக்கவும் இறக்கவும் கூடும். நீரிழிவு இல்லாத வீடு அரிதாகிவரும் நம் நாட்டிலே, கோயில் விரதம் ஆயினும் மெலிவதற்கான விரதம் ஆயினும், தொடங்குமுன் மருத்துவரைக் கேட்பது பக்திக்கும் உறுதிக்கும் இழுக்காகாது.

நோன்பு என்றும் பட்டினி என்றும் நம் முன்னோர் இரு சொற்களை வைத்தனர். பறவையின் தானியத்தை உண்ட அச்சிறுவனுக்கும், முப்பது கிழமை காத்திருந்து இறந்த அப்பெண்ணுக்கும் தொடக்கத்தில் விதிக்கப்பட்டது நோன்பேயாகும். அது எந்த நாளிற் பட்டினியாயிற்று என்பதை அருகிருந்தோர் அறியவில்லை. அவ்வெல்லையை அறிந்து நிறுத்துதலே இவ்வரலாறு நமக்குத் தரும் மருத்துவம்.